கத்தி இருந்த கை

“அஞ்சுக்கு அஞ்சு வாங்கினவ எப்படிடீ நம்புவா?”

தங்கபுஷ்பம் இன்னும் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. மாடிப்படி ஏறி வந்த மூச்சிரைப்போடு வாசலில் நின்றே கேட்டாள்.

உள்ளே நூர்ஜஹான் தரையில் உட்கார்ந்து ஒரு கயிற்றில் முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தாள். இழுத்தாள். முடிச்சு காணாமல் போனது. மறுபடி போட்டாள்.

“உள்ள வாங்க டீச்சர்.”

“பதில் சொல்லு மொதல்ல.”

“யாரு நம்புனா? எதை நம்புனா?”

தங்கபுஷ்பம் உட்கார்ந்தாள். செருப்பு இன்னும் காலிலேயே இருந்தது.

இந்த இரண்டு பேரில் யார் குரு, யார் சிஷ்யை என்று வெளியாளைக் கேட்டால் தப்பாகத்தான் சொல்வான். தங்கபுஷ்பத்துக்கு நாற்பத்தாறு வயது. கரிசல்காட்டு ஊர் ஒன்றின் அரசுப் பள்ளியில் ஒன்பதாம் வகுப்புக்குக் கணக்கும் அறிவியலும் எடுப்பவள். நூர்ஜஹானுக்கு இருபத்தைந்து. பள்ளி பள்ளியாகப் போய் மேஜிக் செய்து காட்டி, அதன் வழியாகக் கணக்கும் அறிவியலும் சொல்பவள். ஒரு காலத்தில் இதே தங்கபுஷ்பத்தின் வகுப்பில் கடைசி பெஞ்சு. கணக்கில் பெயில்.

ஆனாலும் படிக்க வந்தவள் டீச்சர்தான்.

முதலில் வந்தது ஜூன் மாதம்.

“என் பிள்ளைங்க கண்ணைத் திறந்துகிட்டே தூங்குதுங்க நூரு. எனக்கும் நாலு வித்தை சொல்லிக் குடு.”

நூர்ஜஹான் ஒரு தாளையும் பென்சிலையும் தள்ளினாள்.

“மொத இலக்கமும் கடைசி இலக்கமும் வேற வேறயா மூணு இலக்க எண் ஒண்ணு எழுதுங்க. அதைத் திருப்பி எழுதிப் பெரிசுல இருந்து சின்னதைக் கழிங்க. வர்றதைத் திருப்பி எழுதிக் கூட்டுங்க.”

டீச்சருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “இது நான் உனக்குச் சொல்லிக் குடுத்ததுடீ. எவன் எதைப் போட்டாலும் ஆயிரத்து எண்பத்தொன்பதுதான் வரும்.”

“433 போடுங்க.”

போட்டாள். திருப்பினால் 334. கழித்தால் 99. அதைத் திருப்பினாலும் 99. கூட்டினால் 198.

பென்சில் நின்றது.

“99ஐ 099னு எழுதணும்டீ. அப்பத் திருப்பினா 990. கூட்டினா சரியா வந்துரும்.”

“இப்ப சொல்றீங்க.”

“அப்படின்னா?”

“ஒன்பதாவதுல எனக்கு 198தான் வந்துச்சு. நீங்க ஏன்னு கேக்கல. நோட்டுல குறுக்க ஒரு சிவப்புக் கோடு போட்டீங்க.”

தங்கபுஷ்பத்துக்கு அது நினைவில்லை. பத்தொன்பது வருஷத்தில் போட்ட கோடுகளை யார் எண்ணி வைத்தது? விழுந்தவளுக்குத்தான் நினைவிருந்தது. ஆனாலும் நூர்ஜஹான் அதைக் குத்தலாகச் சொல்லவில்லை. மழை பெய்தது என்பதுபோலச் சொன்னாள். அதுதான் அதிகம் குத்தியது.

அன்றைக்கு அவள் சொல்லிக்கொடுத்த வித்தைகளில் ஒன்று, ரத்தம் வடிக்கிற எலுமிச்சை. கத்தியில் செம்பருத்திப் பூவைத் தேய்த்துக் காயவிட வேண்டும். அந்தக் கத்தியால் பழத்தை அறுத்தால் சாறு பட்டதும் செக்கச்செவேலென்று வழியும். ஊரை ஏமாற்றுகிறவர்கள் பல காலமாகச் செய்து வருகிற வித்தை.

“ஒரே ஒரு நிபந்தனை டீச்சர்.”

“சொல்லு.”

“கத்தியை நீங்க பிடிக்கக் கூடாது.”

“வேற யாரு பிடிப்பா?”

“அவங்க.”

சரி என்றாள் தங்கபுஷ்பம். சத்தியமெல்லாம் செய்யவில்லை. தலையை ஆட்டினாள். டீச்சர்மார் தலையாட்டுவது எவ்வளவு பெறும் என்று நூர்ஜஹானுக்குத் தெரியாதா என்ன?

ஜூலையில் வகுப்பில் செய்தாள். ஐம்பத்தெட்டுப் பிள்ளைகள். ஒரே கத்தி. கையைக் கிழித்துக்கொண்டால் தலைமையாசிரியர் சும்மா விடுவாரா? மணி அடிக்க இருபது நிமிடம்தான் இருந்தது. இத்தனை நியாயங்களும் அவளிடம் இருந்தன. எல்லாம் உண்மையான நியாயங்கள்தான்.

கத்தியை அவளே பிடித்தாள்.

சிவப்புச் சாறு முழங்கை வரை வழிந்தது. பெண் பிள்ளைகள் கத்தினார்கள். பையன்கள் பெஞ்சின் மேல் ஏறினார்கள். அப்புறம் கைதட்டு. பத்தொன்பது வருஷத்தில் அவளுக்கு யாரும் தட்டாத கைதட்டு. கத்தியை மேஜையில் வைக்க அவளுக்கு மனசே வரவில்லை.

அதன் பிறகு விளக்கினாள். நன்றாகவே விளக்கினாள். செம்பருத்தி ஒரு நிறங்காட்டி. அமிலம் பட்டால் சிவக்கும். எலுமிச்சையில் இருப்பது சிட்ரிக் அமிலம். பிள்ளைகள் எழுதிக்கொண்டார்கள். காலாண்டுப் பரீட்சையில் அதையே ஐந்து மார்க் கேள்வியாகக் கேட்டாள். முத்தரசி என்ற பிள்ளை படம் போட்டு, அம்புக்குறி போட்டு எழுதியிருந்தது. ஐந்துக்கு ஐந்து.

ஐப்பசி மழையில் முத்தரசியின் அம்மா செத்துப்போனாள்.

“காசநோய்,” என்றாள் தங்கபுஷ்பம். “குணமாகக்கூடியது நூரு. ஆறு மாசம் மாத்திரை. அரசாங்கமே வீடு தேடிக் கொண்டு வந்து குடுக்குது. துக்கம் கேக்கப் போனேன். மாடக்குழியில மாத்திரை அட்டையெல்லாம் பிரிக்காம அடுக்கியிருக்கு. மொத வாரம் போட்டிருக்கா. சிறுநீர் சிவப்பாப் போயிருக்கு. அந்த மாத்திரைக்கு அப்படித்தான் போகும். நர்ஸ் சொல்லியிருக்கு, ஓடற ஓட்டத்துல. இவங்க காதுல ஏறல. குறி சொல்லிப் பேயோட்டுற கோடாங்கியைக் கூப்பிட்டிருக்காங்க.”

“வந்து பழம் அறுத்தாரா?”

“அறுத்தான். ரத்தம் வந்துச்சு. செய்வினைன்னுட்டான். மாத்திரை உள்ள போகப் போக அது ரத்தத்தை வெளிய தள்ளும்னுட்டான்.”

நூர்ஜஹானின் கையில் கயிறு அப்படியே நின்றது.

“முத்தரசி அங்கதான் நின்னிருக்கா. பார்த்துக்கிட்டே நின்னிருக்கா! நான் கேட்டேன் அவகிட்ட. ‘ஏன்டி, நான் அறுத்தப்பவும்தான் ரத்தம் வந்துச்சு. அது என்னன்னு நீயே பரீட்சையில எழுதுனியே’ன்னு கேட்டேன்.”

“என்ன சொன்னா?”

தங்கபுஷ்பம் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். 

“என்னைப் பாவமாப் பாத்தா நூரு. ‘நீங்க செஞ்சது மேஜிக் டீச்சர், அவரு செஞ்சது நிஜம்’னா.”

கீழே தையல் கடையில் மிஷின் ஓடும் சத்தம் கேட்டது.

“இப்ப அவளுக்கும் வந்துருச்சு,” என்றாள் டீச்சர். “சளி பரிசோதனையில தெரிஞ்சுபோச்சு. நர்ஸ் தினமும் வருது. இவ மாத்திரையை வாயில போட்டுக்கிட்டுக் கொல்லைப்பக்கம் போய்த் துப்பிட்டு வர்றா. தலைமையாசிரியர் போய்ச் சத்தம் போட்டுப் பாத்தாரு. அவங்கப்பன் கும்பிடு போட்டு அனுப்பிட்டான். வர்ற வெள்ளிக்கிழமை உச்சியில கோடாங்கி வர்றானாம். அவளுக்குப் பழம் அறுக்க.”

நூர்ஜஹான் எழுந்து உள்ளே போனாள். கொஞ்ச நேரம் கழித்து ஒரு தட்டோடு வந்தாள். தட்டில் ஒரு எலுமிச்சம்பழம், ஒரு கத்தி.

“அறுங்க.”

“விளையாடாதடீ.”

“அறுங்க டீச்சர்.”

அறுத்தாள். சிவப்பாக வழிந்தது.

“தெரியுதுடீ. கத்தியில செம்பருத்தி தேச்சிருக்க.”

“கத்தியைப் பாத்தீங்களா?”

“பாக்க வேற செய்யணுமா?”

நூர்ஜஹான் கண்ணால் கத்தியைக் காட்டினாள். தங்கபுஷ்பம் கத்தியைத் திருப்பிப் பார்த்தாள். புதுக் கத்தி. அலகில் கடைக்காரன் ஒட்டிய சீட்டு இன்னும் கிழியாமல் இருந்தது. பூவும் தேய்க்கவில்லை, ஒன்றும் தேய்க்கவில்லை.

அறுத்த பழத்தை எடுத்துப் பார்த்தாள். காம்புக்குப் பக்கத்தில் ஊசி முனையளவு ஒரு துளை.

“பீட்ரூட் சாறு,” என்றாள் நூர்ஜஹான். “ஊசியில ஏத்தினது.”

“நான் செம்பருத்தின்னு...”

“செம்பருத்தின்னு யாரு சொன்னா?”

“நீதான். ஜூன் மாசம்.”

நூர்ஜஹான் தட்டை எடுத்துத் துடைக்க ஆரம்பித்தாள். ஏற்கெனவே சுத்தமான விளிம்பைக்கூடத் துடைத்தாள்.

தங்கபுஷ்பத்துக்கு முகம் சுட்டது. எழுந்துவிட்டாள்.

“சரி. வெள்ளிக்கிழமை நானே போறேன். அவன் கத்தியையும் புடுங்குறேன், பழத்தையும் புடுங்குறேன். ஊர் முன்னாடி வச்சு நாறடிச்சுர்றேன்.”

“மறுபடியும் நீங்களேவா?”

டீச்சர் நின்றாள்.

“சரி, நீங்க போய் முத்தரசிக்கு எல்லாம் புரிஞ்சிருச்சுன்னே வைங்க,” என்றாள் நூர்ஜஹான். “மொதக் கேள்வி என்ன கேப்பா?”

“என்ன கேப்பா? மாத்திரை எப்பப் போடணும்னு கேப்பா.”

“அது ரெண்டாவது.”

தங்கபுஷ்பம் வாசல்வரை போயிருந்தாள். திரும்பி வந்தாள். சுவரைப் பிடித்துக்கொண்டு மெதுவாக உட்கார்ந்தாள்.

“அவங்கம்மா...”

“ஆமா.”

“கேப்பாளா?”

“நீங்க கேக்க மாட்டீங்களா?”

பதினாலு வயசுப் பிள்ளை. அம்மாவின் பக்கத்தில் நின்று பார்த்த பிள்ளை. பொய் என்று தெரிந்த நிமிடமே இன்னொன்றும் தெரிந்துவிடும், அம்மாவைக் காப்பாற்றியிருக்கலாம் என்று. அதைத் தெரியாமல் செய்கிற வித்தை எந்தப் பெட்டியிலும் கிடையாது.

“அதுக்குப் பதில் இருந்தாப் போங்க. இல்லேன்னா போகாதீங்க.”

“போகலைன்னா பிள்ளை செத்துருமேடீ!”

நூர்ஜஹான் கயிற்றை எடுத்தாள். முடிச்சுப் போட்டாள். இழுத்தாள். இந்த முறை முடிச்சு அவிழவில்லை.

“ஆமா,” என்றாள்.

திரும்பி வரும் பஸ்ஸில் தங்கபுஷ்பம் பதில் தேடினாள். ‘நீ சின்னப் பிள்ளை, உனக்கென்ன தெரியும்’ என்று சொல்லலாம். ஐந்துக்கு ஐந்து போட்டவள் அதைச் சொல்ல முடியுமா? ‘விதி’ என்று சொல்லலாம். அது கோடாங்கியின் சொல். ‘மாத்திரை போட்டிருந்தாலும் பிழைத்திருக்க மாட்டாள்’ என்று சொல்லலாம். சொல்லிவிட்டு, அதே வாயால் ‘நீ மாத்திரை போடு’ என்று எப்படிச் சொல்வது? ஊர் வந்துவிட்டது. பதில் வரவில்லை.

புதன்கிழமை வகுப்பில் மேஜைமேல் ஒரு கூடை பழம் வைத்தாள். நாலு கத்தி வைத்தாள். இரண்டில் பூ தேய்த்திருந்தது, இரண்டில் இல்லை. பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீர். தலைமையாசிரியரிடம் கேட்கவில்லை.

“செஞ்சு பாருங்க,” என்று மட்டும் சொல்லிவிட்டுக் கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்தாள்.

வாய் திறக்காமல் உட்காருவதில் அப்படி ஒரு கஷ்டம் இருக்கும் என்று அவளுக்குத் தெரியாது. ஒவ்வொரு பிள்ளையும் தப்பாகச் சொல்லும்போது நாக்கு எழும்பியது. “டேய், என் பழத்துல மட்டும் வரலடா!” “உன் மூஞ்சிக்கு வராது.” “கத்தியை மாத்திப் பாருடி.” “கழுவுனப்புறம் வரல, பாரேன்!” ஒருவன் விரலை லேசாகக் கிழித்துக்கொண்டு நிஜ ரத்தத்தையும் காட்டினான். கைதட்டு இல்லை. டீச்சர் இருப்பதே யாருக்கும் நினைவில்லை.

முத்தரசி இடத்தை விட்டு அசையவில்லை. துப்பட்டாவுக்குள் இருமிக்கொண்டு ஜன்னலைப் பார்த்திருந்தாள்.

மணி அடித்து வகுப்பு காலியான பிறகு எழுந்து வந்தாள். கழுவாமல் கிடந்த ஒரு கத்தியை எடுத்துப் பழத்தை அறுத்தாள். சிவந்தது. கத்தியை வாளியில் முக்கிக் கழுவினாள். இன்னொரு பழத்தை அறுத்தாள். ஒன்றுமில்லை. மறுபடியும் கழுவினாள். மறுபடியும் அறுத்தாள்.

“டீச்சர்.”

“ம்.”

“அவரு கத்தியையும் கழுவினா?”

ஆமாம், அவன் திருடன், எல்லாம் பொய் என்று நாக்கு நுனியில் நின்றது.

“எனக்குத் தெரியாது முத்தரசி,” என்றாள்.

அது உண்மை. அவன் கத்தியை அவள் கண்ணால்கூடப் பார்த்ததில்லை.

முத்தரசி கத்தியைத் துடைத்து மேஜையில் வைத்தாள். கூடையிலிருந்து அறுக்காத பழம் ஒன்றை எடுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டு போனாள். வியாழக்கிழமை பள்ளிக்கூடம் வரவில்லை.

வெள்ளிக்கிழமை உச்சி. பதில் இல்லாமலேயே தங்கபுஷ்பம் முத்தரசி வீட்டுக்குப் போனாள். ஓட்டு வீட்டின் ஒற்றை அறைக்குள் சாம்பிராணிப் புகை. பலகை மணையில் முத்தரசி. சுவரோரம் அவள் அப்பா, தோளில் துண்டு, ஒரு மாதமாகச் சவரம் செய்யாத முகம். அவர் கெட்டவர் இல்லை. பெண்டாட்டியைப் பறிகொடுத்துவிட்டு மகளையும் கொடுத்துவிடக் கூடாது என்று நடுங்குகிற மனிதர். நடுங்குகிறவன் வீட்டில்தானே கோடாங்கிகள் வந்து உட்காருகிறார்கள்?

“யாரு இந்தம்மா?” என்றார் கோடாங்கி.

“பிள்ளையோட டீச்சரம்மா, சாமி.”

“இருக்கட்டும். படிச்சவங்களும் கண்ணால பாக்கட்டும்.”

சிவப்புத் துணியை அவிழ்த்தார். மூன்று பழம், ஒரு கத்தி. ஒரு பழத்தை எடுத்து முத்தரசியின் தலையை மூன்று தரம் சுற்றினார். உடுக்கையைத் தட்டினார். கத்தியை எடுத்தார்.

“சாமி,” என்றாள் முத்தரசி. “கத்தியைக் கழுவித் தரட்டுமா?”

கோடாங்கி நிமிர்ந்தார்.

“என்னது?”

“கத்தி. கழுவித் தர்றேன்.”

“கழுவுன கத்தியில தெய்வம் நிக்காது தாயி.”

“பேசாம இரு கழுத,” என்றார் அப்பா.

முத்தரசி எழுந்து அடுப்படிக்குப் போனாள். அரிவாள்மணையோடு வந்தாள். “அப்ப இதுல அறுங்க. எங்கம்மா புழங்குனது. இதுல நிக்கும்ல?”

அப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

கோடாங்கி அரிவாள்மணையைப் பார்த்தார். பிறகு சிரித்தார். “நீயே அறு தாயி,” என்று பழத்தை நீட்டினார்.

அந்தச் சிரிப்பைப் பார்த்ததுமே தங்கபுஷ்பத்துக்குத் தெரிந்துவிட்டது. கத்தியில் ஒன்றுமே இல்லை.

முத்தரசி அறுத்தாள். ரத்தம் போல வழிந்து மணையில் சொட்டியது.

“பாத்தியா? பாத்தியா?” என்று அப்பா நெஞ்சில் அடித்துக்கொண்டார். “இப்பவாவது நம்புறியா?”

முத்தரசி டீச்சரைப் பார்த்தாள். 

பழத்தைப் பார், காம்புப் பக்கம் பார் என்று இரண்டு வார்த்தை சொன்னால் போதும். சொன்னால் முத்தரசி சோதித்துப் பார்க்காமலேயே நம்புவாள். அதுதான் தங்கபுஷ்பத்துக்குப் பயமாக இருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு தரையைப் பார்த்தாள். 

தண்ணீர் சளசளக்கும் சத்தம் கேட்டது. நிமிர்ந்தாள். முத்தரசி செம்பிலிருந்து தண்ணீர் ஊற்றி அரிவாள்மணையைக் கழுவிக்கொண்டிருந்தாள். கழுவிவிட்டுப் பள்ளிக்கூடப் பையைத் திறந்து புதன்கிழமைப் பழத்தை எடுத்தாள். அறுத்தாள்.

வெறும் சாறு.

கோடாங்கி அசரவில்லை. “உன் பழத்துல எப்படித் தாயி வரும்? நான் சுத்தினதுலதான செய்வினை எறங்கும்.”

முத்தரசி யோசித்தாள். யோசிக்கும்போது பரீட்சையில் உட்கார்ந்திருப்பதுபோலக் கீழுதட்டைக் கடித்துக்கொண்டாள். தன் பழத்தின் மீதி பாதியை நீட்டினாள்.

“அப்ப இதையும் சுத்துங்க.”

“அறுத்த பழத்தைச் சுத்தக் கூடாது.”

“சுத்துங்க சாமி,” என்றார் அப்பா. குரல் மாறியிருந்தது. “பிள்ளை கேக்குதில்ல.”

வேறு வழியில்லாமல் சுற்றினார். முத்தரசி பிழிந்தாள். வெறும் சாறுதான் விழுந்தது.

யாரும் எதிர்பார்க்கவில்லை. சிவப்புத் துணியில் மிச்சமிருந்த பழங்களில் ஒன்றைச் சட்டென்று எடுத்துவிட்டாள்.

“ஏய், அதை வை!”

“இதை நீங்க இன்னும் சுத்தல.”

“வைன்னு சொல்றேன்ல!”

அதற்குள் அறுத்திருந்தாள். விரலிடுக்கெல்லாம் சிவப்பு.

கோடாங்கி தன் பழத்தையெல்லாம் பொறுக்கினார், அறுத்த பாதிகளைக்கூட விடாமல். “அவநம்பிக்கை புகுந்த வீட்டுல நான் நிக்க மாட்டேன்,” என்று சொல்லிக்கொண்டே குனிந்து வாசலைத் தாண்டினார். அப்பா துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். முதுகு மட்டும் குலுங்கியது.

முத்தரசி கையைக் கழுவினாள். மாடக்குழியில் இருந்து மாத்திரை அட்டையை எடுத்தாள். அம்மாவுடையது ஒரு பக்கம், அவளுடையது ஒரு பக்கம் இருந்தது. தன்னுடையதைப் பிரித்து வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தாள். கொல்லைப்பக்கம் போகவில்லை.

மறுபடியும் வந்து மணையில் உட்கார்ந்தாள்.

“டீச்சர்.”

“சொல்லு.”

“அன்னைக்கு எங்கம்மாவுக்கு அறுத்தப்ப நான் பக்கத்துலதான் நின்னேன்.”

“ம்.”

“வீட்டுல வேற பழம் இருந்துச்சு. ஊறுகாய் போட அம்மா வாங்கி வச்சது. கூடை நிறைய.”

டீச்சர் மாடக்குழியைப் பார்த்தாள்.

“அன்னைக்கே ஒண்ணை எடுத்து அறுத்துப் பாத்திருந்தா...” என்றாள் முத்தரசி. அழவில்லை. பதிலுக்காகக் காத்திருந்தாள், வகுப்பில் காத்திருப்பதுபோல.

தங்கபுஷ்பம் மணையருகே போய்த் தரையில் உட்கார்ந்தாள். தன் வலது கையை விரித்து அவள் முன்னால் நீட்டினாள்.

“ஜூலை மாசம் கத்தி இந்தக் கையில இருந்துச்சு முத்தரசி,” என்றாள். “உன்கிட்ட நான் குடுக்கல.”